இருபத்துநாலு எம்.எம். மரியாதை

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வரும். தேங்காய் பழம் வரும். பட்டுச்சேலை வரும், வேட்டி வரும், சர்க்கரை வரும்.

இரும்புக் கம்பி வந்து பார்த்திருக்கிறீர்களா?

போன மாதம் எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டுக்கு வந்தது. பளபளவென்று தேய்த்த பித்தளைத் தாம்பாளம். அதற்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு கம்பி. என் கட்டைவிரல் தடிமன். துணைக்கு ஒரு சீப்புப் பூவன்பழம்.

கொண்டுவந்தவர் என் சம்பந்தி பெரியசாமி. என் மகன் செந்திலின் மாமனார். கணபதியில் பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் அடிக்கிற பட்டறை வைத்திருப்பவர். தாம்பாளத்தை இரண்டு கையாலும் மருமகனிடம் நீட்டினார்.

"காருக்குங்க மாப்பிள்ளை. நானே அடிச்சேன்."

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். எதையும் எண்ணாமல், அளக்காமல் எனக்குத் தூக்கம் வராது. படிக்கட்டை எண்ணுவேன். தட்டில் விழுகிற இட்லியை எண்ணுவேன். பக்கத்து வீட்டுத் தென்னையில் எத்தனை குலை என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். 'நீங்கள் அளக்காமல் விட்டது ஏதாவது உண்டா சார்?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

உண்டு அம்மா. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

செந்திலுக்குத் திருப்பூரில் நூல் வியாபாரம். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் அவனுக்கு வியாபாரம் மறந்துவிடும். செட்டிபாளையம் பக்கம் இருக்கிற ரேஸ் ட்ராக்கை அன்றைக்கு ஒரு கிளப் எடுத்துக்கொள்கிறது. அவரவர் காரைக் கொண்டுபோய், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஆசை தீர ஓட்டலாம். போட்டி இல்லை, பரிசு இல்லை. 'ட்ராக் டே' என்கிறார்கள். போன தடவையைவிட இந்தத் தடவை ஒரு நொடி குறைந்தால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! திங்கட்கிழமை அதே கார் திருப்பூர் போகவேண்டும். புதன்கிழமை அதே கார் என்னைப் பல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

திருப்பத்தில் கார் அதிகம் சாய்கிறது, மூக்கு உள்பக்கம் வரமாட்டேன் என்கிறது — இது அவனுடைய நெடுநாள் புகார். அதற்கு வைத்தியம், பின்பக்கத்து ஸ்டெபிலைசர் பாரை மாற்றுவது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஸ்வே பார் என்று எழுதுகிறார்கள். பெயர்தான் பெரிசு. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் குறுக்கே சேர்க்கிற, வளைத்த ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி, அவ்வளவுதான். கார் ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது இது முறுக்கிக்கொண்டு, சாயவிடாமல் பிடிக்கும்.

அப்படியானால் கிடைக்கிறதிலேயே தடிப்பானதை வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்ததே?

அங்கேதான் வில்லங்கம். கம்பியின் தடிமனை இரண்டு மடங்கு ஆக்கினால் அதன் விறைப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை... பதினாறு மடங்கு ஆகிறது. பின்பக்கம் அளவுக்கு மீறி விறைத்துப்போனால், திருப்பத்தில் உள்பக்கத்துச் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். பாரமெல்லாம் வெளிப்பக்கத்துச் சக்கரத்தின் தலையில். அது ஒரு கட்டத்தில் தாங்காமல் வழுக்கும். அப்போது காரின் பின்பாகம் முன்பாகத்தை முந்திக்கொண்டு போகப் பார்க்கும். ஈரத் தரை என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு சக்கரத்தையும் இந்தக் கம்பி சேர்த்துவிடுகிறது அல்லவா? இடது சக்கரம் குழியில் விழுந்தால் வலது சக்கரத்துக்கும் அந்த அடி போய்ச் சேரும். கம்பி எவ்வளவு தடிப்போ, அவ்வளவு பலமாக. ஒரு பக்கத்து அடி மறுபக்கத்துக்கு எவ்வளவு தெரியலாம்? கம்பி வாங்கப் போகிறவன் முதலில் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காரோடு வந்த கம்பி பதினாலு எம்.எம். நான் கணக்குப் போட்டேன். பதினாறு போதும். இரண்டே எம்.எம். கூட்டினாலே விறைப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஏறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆகும், என் பல்லுக்கும் ஆகும்.

பதினாறைத் தேடி உக்கடம் பழைய சாமான் கடைகளுக்குப் போனோம். அங்கே ரஹீம் பாய் கடையில், கழித்துப்போட்ட கார்களிலிருந்து எடுத்த கம்பிகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. சட்டைப் பையிலிருந்து வெர்னியர் காலிபரை எடுத்து ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் அளந்தேன். பாய் கல்லாவில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் சார், கம்பி வாங்க வந்தீங்களா, ஜாதகப் பொருத்தம் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டுந்தான் பாய்" என்றான் செந்தில்.

"அப்படின்னா இன்னிக்கு முகூர்த்தம் இல்ல. அடுத்த லாரி வரட்டும், வாங்க."

அவர் சொன்னது சரிதான். பதினெட்டு இருந்தது, இருபது இருந்தது. ஒரே ஒரு பதினாறு இருந்தது, அதுவும் அடிபட்டுக் கோணியிருந்தது. திரும்பிவிட்டோம்.

அன்றைக்குச் சாயங்காலம் என் மருமகள் சுமதி, அப்பாவோடு போனில் பேசும்போது, "அவரு ஏதோ கம்பி தேடி அலையறாருங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மறுநாள் காலை பெரியசாமி ஆளை அனுப்பி, பழைய கம்பியைக் கழற்றி மாதிரிக்கு வாங்கிக்கொண்டுவிட்டார். "வெளிய எதுக்கு வாங்கறது? நான் எதுக்கு இருக்கறேன்?"

சரி, பதினாறு எம்.எம். என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள்.

அதெப்படிச் சொல்வது? பெண் வீட்டார் மனமுவந்து மாப்பிள்ளைக்கு ஒன்று செய்கிறேன் என்கிறார்கள். அதில் போய் அளவு சொல்வதா? எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்கிற மாதிரி ஆகிவிடாதா? எங்கள் வீட்டில் கல்யாணம் பேசும்போதுகூட நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 'உங்க பொண்ணுக்கு உங்க இஷ்டமுங்க' என்றுதான் சொன்னேன். கம்பிக்கும் அதையே செய்தேன். உலகத்தில் எல்லாவற்றையும் அளக்கிற நான், சொல்லவேண்டிய ஒரே ஒரு அளவைச் சொல்லாமல் விட்டேன்.

அளவு சொல்லாவிட்டால் ஒரு மாமனார் எந்த அளவில் செய்வார்? தன்னால் முடிந்த மட்டும் தடிப்பாக.

"கடையில விக்கறதெல்லாம் தொடப்பக்குச்சி மாதர இருக்குதுங்க சம்பந்தி" என்றார், காபியை ஆற்றிக்கொண்டே. "என்ர மாப்பிள்ளைக்கு அதையப் போயி மாட்டிவிடறதா? இத மாட்டிப்போட்டு எப்படி வேணும்னாலும் திருப்பச் சொல்லுங்க. அசையாது. எப்படீங்க இருக்குது?"

கம்பியைப் பார்த்தேன். வேலைப்பாடு உண்மையிலேயே பிரமாதம். வளைவெல்லாம் பழைய கம்பியின் வளைவுதான், ஒரு மயிரிழை பிசகில்லை. தடிமன்தான்...

"நெம்ப அருமைங்க சம்பந்தி" என்றேன். "இதுக்கு மேல என்னங்க வேணும்?"

"நல்லா வந்திருக்குதுங்க மாமா" என்றான் செந்தில்.

சுமதி கம்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் கிளம்பினதும் காலிபரை வைத்தேன். இருபத்துநாலு எம்.எம். பேப்பரே தேவைப்படவில்லை, மனசிலேயே கணக்கு ஓடிவிட்டது. பழைய கம்பியைப்போல எட்டரை மடங்கு விறைப்பு.

செந்தில் மாட்டிப் பார்த்தான். வீடு கட்டாமல் தார் ரோடு மட்டும் போட்டிருக்கிற ஒரு லேஅவுட்டுக்கு, தூறல் நின்ற ஒரு சாயங்காலம் ஓட்டிக்கொண்டு போனான். நான் ரோட்டோரம் நின்று பார்த்தேன். ஒன்றும் வேகமில்லை, நாம் அவிநாசி ரோட்டில் போகிற வேகம்தான். ஒரு வளைவில் திருப்பினான். பின்பக்கம் விர்ரென்று சுற்றி, கார் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. இறங்கி வந்து, ஈர ரோட்டில் விழுந்த டயர் தடத்தைப் பார்த்தான்.

"ட்ராக்குல போற வேகத்துல போயிருந்தேன்னா..." என்றான். முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

ஆக, கம்பியை மாட்டக்கூடாது. அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. யார் போய்ச் சொல்வது என்பதில்தான் மூன்று கருத்து.

"நீ சொல்லு கண்ணு" என்றேன் சுமதியிடம். "உங்கப்பாதானே. நீ சொன்னாக் கோவிச்சுக்க மாட்டாரு."

"நானுங்களா? கல்யாண வளையல் ஒண்ணு தொளதொளன்னு இருக்குதுன்னு சொன்னதுக்கு ஒரு வாரம் சரியாச் சோறு திங்கலைங்க மாமா அவரு. நீங்க சொல்லுங்க. நீங்க வாத்தியாரு."

"சம்பந்திக்குச் சம்பந்தி குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும். செந்தில் சொல்லட்டும். கம்பி அவனுக்குத்தானே?"

"மாப்பிள்ளை வாயைத் தொறந்தா, 'வேற என்னமோ எதிர்பார்க்கறான்'னு ஆயிருமுங்கப்பா!"

இப்படியே தட்டு மூன்று பேரிடமும் சுற்றிவந்தது. எடுப்பாரில்லை. இதற்கிடையில் பெரியசாமியே போன் செய்தார். வருகிற ஞாயிறு ட்ராக்குக்கு வருகிறாராம். தனியாக இல்லை. அன்னூரிலிருந்து சொந்தபந்தத்தை, எங்கள் பேச்சில் ஒறம்பரையை, ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு.

செந்தில்தான் அந்த யோசனையைச் சொன்னான். கம்பி கம்பியாகவே இருக்கட்டும். அதன் இரண்டு முனையையும் சக்கரத்துப் பக்கம் இணைக்கிற லிங்க்குகளை மட்டும் கழற்றிவிடலாம். கம்பியை மேலே தூக்கி, ஆடாமல் கட்டுக்கம்பி போட்டுக் கட்டிவிடலாம். பின்னால் நின்று குனிந்தால் மஞ்சள் பளிச்சென்று தெரியும். ஆனால் அதற்கு ஒரு வேலையும் இருக்காது.

பெரிய குடும்பங்களில் சில மாமாக்களுக்கு இப்படித்தான் இடம் கொடுப்போம். முன்வரிசையில் நாற்காலி. எதிலும் கலப்பதில்லை.

எனக்கு அந்த யோசனை பிடித்தது என்று சொல்லமாட்டேன். பிடிக்கவில்லை என்றும் நான் சொல்லவில்லை. கட்டுக்கம்பி அறுந்து பிரேக் எண்ணெய் போகிற ஹோஸில் விழுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கவலைப்பட்டு, ரெட்டையாகக் கட்டச் சொன்னேன்.

ஞாயிறு. செம்மண் புழுதியும் காற்றும். வானத்தில் மேகம். வேன் கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது டிபன் கேரியர்கள். அரிசிம்பருப்பு சோறு, தயிர் சோறு, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் ஒரு தூக்குப்போசி நிறைய. பிறகு குடைகள். பிறகு மனிதர்கள். ரேஸ் ட்ராக்கில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்த முதல் கூட்டம் நாங்களாகத்தான் இருக்கவேண்டும்.

பெரியசாமி எல்லாரையும் காரின் பின்னால் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொருவராகக் குனியச் சொன்னார். "மஞ்சளா தெரியுது பாருங்க... அதானுங்க." ஒரு பெரியம்மா குனிந்து, பார்த்து, நிமிர்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செந்தில் ஓட்டினான். பின்கம்பி இல்லாத கார் என்பது அவனுக்குத் தெரியுமே, அதனால் நிதானமாக, வழவழவென்று ஓட்டினான். பார்க்க அழகாக இருந்தது.

"பாத்தீங்களா சம்பந்தி! சாயுதா பாருங்க! துளியாவது சாயுதா?"

சாய்ந்தது. கரும்பு ஏற்றின லாரிபோலச் சாய்ந்தது. அத்தனை திருப்பத்திலும் சாய்ந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரியவில்லை. தான் அடித்துக்கொடுத்த கம்பி இருக்கிற கார் சாயும் என்று யாருடைய கண்தான் ஒத்துக்கொள்ளும்?

"ஆமாங்க" என்றேன். "சாயவே இல்லீங்க."

பொய் இத்தனை சுலபமாக வருமா என்று எனக்கே ஆச்சரியம். யாருக்கும் நஷ்டமில்லை, எல்லாருக்கும் சந்தோஷம், கச்சாயமும் நன்றாக இருக்கிறது... இப்படியே முடிந்திருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன்.

பெரியசாமி ஒரு இளைஞனைத் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தார். "இவன் தங்கராசுங்க, என்ர அண்ணன் பையன். சத்தியமங்கலத்துல பூ வியாபாரம். மாப்பிள்ளை வெச்சிருக்கற இதே காருதான் இவனும் வெச்சிருக்கறான், அதுலதான் வந்திருக்கறான்."

தங்கராசு கும்பிட்டான். அவன் இடுப்பில் ஒரு வயசு சொல்லக்கூடிய பெண் குழந்தை. கும்பிட்ட கையை விலக்கிவிட்டு என் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்க வந்தது.

"இவனுக்குப் பொண்டாட்டி ஊடு தாளவாடிங்க. திம்பம் மலை ஏறித்தான் போகோணும். அந்தக் கொண்டை ஊசி வளைவுல காரு சாயறப்ப இந்தப் புள்ள வாந்தி எடுத்துப்போடுதாமா. அதான், ஒண்ணு அடிக்கறப்பவே ரெண்டா அடிச்சுப்போட்டேன்!"

வேனிலிருந்து தாம்பாளம் இறங்கியது. மஞ்சள் பெயின்ட். சந்தனம், குங்குமம். அதே கட்டைவிரல் தடிமன்.

"இங்க மெக்கானிக்கு இருக்கறாருங்களே, இப்பவே மாட்டிரலாம். நாளைக்குக் காத்தால குடும்பத்தோட மலையேறறான்."

வானத்தைப் பார்த்தேன். வடக்கே மலைப்பக்கம் கறுத்திருந்தது. செந்திலைப் பார்த்தேன். அவன் தன் ஹெல்மெட்டுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். சுமதி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை உள்ளே போக வீடு இல்லை.

எனக்குத் தெரிந்த பாஷையில் ஆரம்பித்தேன்.

"மழைக்காலமா இருக்குதுங்க சம்பந்தி... கொஞ்ச நாள் போகட்டுங்களே."

"மழைக்காலத்துலதானுங்க நல்ல பிடிமானம் வேணும்!"

"மலைப்பாதைக்கு இது கொஞ்சம்... அதிகமோ என்னமோ."

"அதிகமா இருந்தா என்னங்க? கொறைஞ்சாத்தானே கொறை?"

"பாக்கலாங்க..."

"இனிமேப் பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? அதான் மாப்பிள்ளை ஓட்டினதப் பாத்தோமே!"

எங்கள் ஊர் வழக்கப்படி நான் மூன்று முறை 'வேண்டாம்' என்று சொல்லியாகிவிட்டது. எந்தச் சொந்தக்காரருக்கும் இது புரியும். பெரியசாமிக்கு ஏன் புரியவில்லை? ஏனென்றால் முதல் நாளே 'அருமைங்க' என்றவன் நான். காலையில் 'சாயவே இல்லீங்க' என்றவனும் நான்தான். மெக்கானிக்ஸ் படித்த வாத்தியார் முத்திரை குத்திக் கொடுத்த கம்பி அது. இப்போது நான் தயங்குவதெல்லாம் அவருக்கு அடக்கமாகத்தான் தெரியும்.

மெக்கானிக் ஜாக்கியை உருட்டிக்கொண்டு தங்கராசுவின் காருக்கு அடியில் வைத்தான். கார் எழும்ப ஆரம்பித்தது. குழந்தை கைதட்டியது.

எங்கள் வீட்டு மரியாதை எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும் என்று நினைத்தேன். அது பாருங்கள், சத்தியமங்கலத்துக்குப் போய், அங்கிருந்து மலையேறவும் கிளம்பிவிட்டது.

"சம்பந்தி, சித்த இப்படி வாங்க."

செந்தில் காரின் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். "குனிஞ்சு பாருங்க."

"பாத்தாச்சுங்களே."

"மஞ்சளை விட்டுருங்க. முனையப் பாருங்க."

இரண்டு கிழவர்கள் பம்பரைப் பிடித்துக்கொண்டு புழுதியில் முட்டிபோட்டோம். அவர் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். கைவிட்டு முனையைத் தடவினார். கட்டுக்கம்பியைத் தொட்டார். இழுத்துப் பார்த்தார்.

"சம்பந்தி... இது கழண்டிருக்குதுங்க!" குரலில் பதற்றம். "நல்லவேளை, பாத்தோம். மாப்பிள்ளை இதோடவா இத்தன நேரம்..."

"கழண்டதில்லீங்க. நாங்கதான் கழட்டினோம்."

அவர் கட்டுக்கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"எப்பத்திருந்துங்க?"

"மாட்டிப் பாத்தோமுங்க. ஈரத்துல காரு சுத்திப்போச்சு. அதுக்கப்புறம் கழட்டிட்டோம். ட்ராக்குல ஓட்டினது உங்க கம்பி இல்லாமத்தானுங்க. இந்தத் தடிப்பு இந்தக் காருக்கு ஆகாதுங்க. தங்கராசு காருக்கும் ஆகாது. மழையில மலைமேல மாட்டிட்டுப் போனா..."

மீதியைச் சொல்லவிடாமல் எழுந்துவிட்டார். வேட்டியைத் தட்டினார். நேரே ஜாக்கி இருந்த இடத்துக்குப் போனார்.

"தம்பி, காரை எறக்கிருங்க. அந்தக் கம்பிய எடுத்து வேன்ல போட்டுருங்க."

"ஏனுங்க சித்தப்பா?" என்றான் தங்கராசு.

"அளவு தப்பிப்போச்சுடா."

"பரவால்லீங்க சித்தப்பா, நான் மெதுவா ஓட்டிக்கறேன்..."

"அளவு தப்புன்னா தப்புத்தான். பழசே இருக்கட்டும். நான் தப்பா அடிச்சுப்போட்டேன், போ."

அத்தனை ஒறம்பரைக்கும் நடுவில், சத்தமாகச் சொன்னார். எங்கள் மூன்று பேர் பெயரையும் இழுக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்ட பெரியம்மா உள்பட எல்லாரும் கேட்டார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பி வந்தார். கிட்டத்தில் நின்று, மெல்லிய குரலில் கேட்டார்.

"ஏனுங்க சம்பந்தி... ஆகாதுன்னா ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க? நானென்ன, பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேனா?"

நான் முட்டியில் ஒட்டின புழுதியைத் தட்டினேன்.

"எத்தனை எம்.எம். போட்டிருக்கோணும்?"

"பதினாறுங்க."

"பதினாறா?" அவர் முகத்தில் அதுவரை இல்லாத வேதனை. "எங்க ஊட்டுல துணி காயப்போடற கம்பியே அதையவிடத் தடிப்புங்க!"

மத்தியானம் ஜமக்காளத்தில் சேர்ந்துதான் உட்கார்ந்தோம். சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு வந்தபோது இலைமேல் கையை நீட்டி, "போதுங்க" என்றார். சுமதியே பரிமாறியும், "போதும் அம்மணி." எங்கள் பக்கத்தில் அந்தக் கை நீட்டலுக்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. போகும்போது எல்லாருக்கும் கைகூப்பி, "வாரேனுங்க" என்றார். எனக்கும் அதே அளவு கைகூப்பல்தான். ஒரு எம்.எம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

திரும்பும் வழியில் செந்தில் கேட்டான். "மாமாகிட்ட மட்டும் தனியா, வேற ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாமோங்கப்பா?"

"எத்தனை காரணம் கண்டுபிடிப்பே?" என்றேன்.

மறுநாள் காலை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாளவாடிக்குப் போன் போடச் சொல்லிச் சுமதியை நச்சரித்தேன். மலையில் நல்ல மழையாம். பழைய கம்பியோடு, சாய்ந்து சாய்ந்து, பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். குழந்தை வழியெல்லாம் வாந்தியாம்.

இத்தனை நல்ல செய்தியை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

ஆனால் கணபதியிலிருந்து சம்பந்தியின் போன் இல்லை. சுமதி பேசினால் பேசுவார். 'மாமா நல்லா இருக்கறாரா' என்று கேட்பாராம். 'குடு, பேசறேன்' என்று சொல்லமாட்டாராம். சொன்னது தப்பு என்று ஒரு நிமிஷமும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தத் தாம்பாளம் வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால், அவர் வேன் வைத்து ஊரைக் கூட்டி வந்து, அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு மனிதரின் மனம் நோகக்கூடாது என்று நாங்கள் மூன்று பேரும் பாடுபட்டுக் காப்பாற்றியது எதை? அவரை இல்லை. எங்கள் சங்கடத்தை.

போன வாரம், வாசலில் ஒரு கம்பி சாய்த்து வைத்திருந்தது. பட்டறையாள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தாம்பாளம் இல்லை. சந்தனம் இல்லை. பூவன்பழம் இல்லை. பெயின்ட்கூட அடிக்கவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டியிருந்தது.

நான் பிரிப்பதற்குள் போன் அடித்தது.

"வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க சம்பந்தி! நெம்ப—"

"இருங்க, இருங்க." அவசரமாக நிறுத்தினார். "அளந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க. நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுக் காலிபரை எடுத்தேன். மூன்று இடத்தில் அளந்தேன். மறுபடி அளந்தேன். பதினாறரை.

பாருங்கள், என்ன சோதனை! அரை எம்.எம்.! அதை விழுங்கிவிட்டு 'சரியா இருக்குதுங்க' என்று சொல்ல என் நாக்கு எப்படித் துடித்தது தெரியுமா?

"அரை எம்.எம். கூட இருக்குதுங்க சம்பந்தி" என்றேன்.

அந்தப் பக்கம் பட்டறையில் லேத் ஓடுகிற சத்தம். அதற்கு மேலே ஒரு சிரிப்பு.

"அது மாமனார் பங்குங்க. விட்டுருங்க."

விட்டுவிட்டேன். அந்த அரைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தாகிவிட்டது — கார் தாங்கும்.